பதிவாகாத இரவுகள்

பாரன் தீவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அது இழந்துவிட்ட வெப்பத்தைப் பற்றி மட்டும்தானோ என்கிற சந்தேகம் கொஞ்ச காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அந்தத் தீவு. குறுக்காக மூன்று கிலோமீட்டர் வரும். நடுவே, என்றோ இடிந்து உள்வாங்கிய பெரும் பள்ளம். அதன் மேற்குச் சுவர் கடலைப் பார்த்து உடைந்து திறந்திருக்கிறது. பள்ளத்துக்குள் சாம்பலும் கசடும் குவிந்து எழுந்த கூம்பு. கடலுக்கு மேலே தெரிவது முந்நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அடிவாரமோ கடலுக்குள் இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே. மனிதக் குடியிருப்பு கிடையாது. எப்போதோ விடப்பட்டுக் காட்டு விலங்காகிவிட்ட ஆடுகள் உண்டு. இந்தியாவில் இன்று செயலில் இருக்கும் எரிமலை இது ஒன்றுதான். இதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருப்பவை எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் செயற்கைக்கோள்கள். அவை தரும் வெப்பப் படத்தில், இரவில், கடலின் கருமைக்கு நடுவே ஒற்றைச் சிவப்புச் சதுரமாக அது தெரியும். சதுரம் தெரிகிற நாளில் எனக்கு ஏனோ ஒரு நிம்மதி. தெரியாத நாளில்தான் மனம் ஒப்புவதில்லை. எரிகிற மலை எரிவதைப் பார்த்து நிம்மதியும், எரியாததைப் பார்த்துக் கலக்கமும் வருவது தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. இப்போது அந்தக் கலக்கத்துக்குக் காரணம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

அந்தச் சதுரம் பிறக்கும் விதம் வியப்பானது. டெரா, அக்வா என்ற இரண்டு செயற்கைக்கோள்களில் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. டெரா 1999 டிசம்பரிலும் அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டவை. வெப்பத்தைப் பார்க்கும்போது மோடிஸின் ஒரு படப்புள்ளி தரையில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். அந்தச் சதுர கிலோமீட்டருக்குள் இருக்கும் கடல், காடு, ஆறிய கல், ஆறாத கல் அத்தனையும் ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும். அதற்குள் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில், ஆயிரம் டிகிரி செல்சியஸில், உருகிய பாறை கொஞ்சம் திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சராசரியில் கரைந்து காணாமல் போயிருக்க வேண்டும். ஆனால் 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கண்ட விதி அதைக் காப்பாற்றுகிறது. ஒரு பொருள் சூடேறச் சூடேற அது விடும் கதிர்வீச்சு எல்லா அலைநீளத்திலும் ஒரே மாதிரி கூடுவதில்லை; சிற்றலைகளின் பக்கம்தான் வெறிகொண்டு கூடுகிறது. கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 டிகிரியில் இருக்கும் தரையோடு ஒப்பிட்டால், ஆயிரம் டிகிரிப் பாறை 12 மைக்ரான் அலைநீளத்தில் சுமார் 34 மடங்கு ஒளிர்கிறது. 4 மைக்ரானில் சுமார் பத்தாயிரம் மடங்கு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு இடம், பத்தாயிரம் மடங்கு ஒளிர்வு. ஆக, ஒரு வீட்டு மனைக்கும் குறைவான அந்த இடம் முழுச் சதுர கிலோமீட்டரின் 4 மைக்ரான் கதிர்வீச்சைத் தனியாகவே இரட்டிப்பாக்கிவிடுகிறது. அதே இடம் 12 மைக்ரானில் அரை சதவீதம்கூட அசைவை ஏற்படுத்துவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நாம் காணும் சிவப்புச் சதுரம். கணக்கு முடிந்தபோது அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை சிறியதை அத்தனை தொலைவிலிருந்து பார்த்துவிட முடியும் என்பதில் இயற்கை நமக்குச் செய்த பெரிய உபகாரம் ஒன்று இருக்கிறது.

ஆனால் எதைப் பார்க்கிறோம்? வெளியே வந்து, மேல்நோக்கி, காற்றைத் தாண்டி, விண்வெளிக்குப் போய்விட்ட வெப்பத்தை. திரும்பி வராத வெப்பத்தை. மலை தன்னிடமே வைத்திருக்கும் வெப்பம் அந்த எண்ணில் இல்லை. வெளியே வந்ததிலும் எல்லாம் மேலே வருவதில்லை. பாரன் தீவின் பாறைக்குழம்பு பசால்ட் வகை. வாயிலிருந்து வழிந்த கொஞ்ச நேரத்திலேயே மேலே கரிய பொருக்குத் தட்டிவிடும். நீறு பூத்த நெருப்பு போல, உள்ளே ஆயிரம் டிகிரி தாண்டி ஓடிக்கொண்டிருக்க, மேலே கருவி காண்பது சில நூறு டிகிரிப் பொருக்கை மட்டும். மேற்கு உடைப்பு வழியே குழம்பு கடலில் இறங்கிவிட்டாலோ, வெப்பத்தின் பெரும்பகுதி தண்ணீருக்கும் ஆவிக்கும் போய்விடும். செயற்கைக்கோளின் கணக்கில் அது வரவே வராது. கருவி நேர் தலைக்கு மேலே போகாமல் சாய்ந்து பார்த்தால் பள்ளத்தின் சுவரே வாயை மறைத்துவிடும். படப்புள்ளியும் இழுபட்டுப் பெரிதாகிவிடும். பகலில் பார்த்தால் கல்லிலும் கடலிலும் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி 4 மைக்ரானில் கலந்து குழப்பும். இத்தனையும் கடந்து ஒரு எண் வருகிறது. அதை மெகாவாட்டாக மாற்றி வரைபடத்தில் ஒரு கோடாக நிறுத்துகிறோம். சின்ன இடம் மிகச் சூடாக இருந்தாலும், பெரிய இடம் ஓரளவு சூடாக இருந்தாலும் ஏறத்தாழ அதே எண் வரக்கூடும். இரண்டு அலைநீளங்களை வைத்துக்கொண்டு பரப்பையும் வெப்பநிலையையும் பிரித்தெடுக்கும் முறை ஒன்று 1981 முதலே இருக்கிறது. அது நல்ல முறைதான், ஆனால் படப்புள்ளிக்குள் இரண்டே வெப்பநிலைகள்தான் இருக்கின்றன என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. எந்த எரிமலையும் இரண்டே வெப்பநிலைகளோடு இருந்ததில்லை.

இவையெல்லாம் அந்தத் துறையினர் நன்றாக அறிந்தவை. ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலும் எச்சரிக்கையோடு எழுதப்படுபவை. என்னை உறுத்துவது சதுரம் தெரியாத இரவு. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான மோட்வோல்க் என்ற தானியங்கி முறை உலகம் முழுவதன் மோடிஸ் படங்களையும் சல்லடை போட்டுப் பார்க்கிறது. 4 மைக்ரானுக்கும் 12 மைக்ரானுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, இரவில் அது −0.80 என்ற வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை. தவறான எச்சரிக்கை எழுந்துவிடக் கூடாது என்பதற்காக வரம்பு வேண்டுமென்றே கறாராக வைக்கப்பட்டிருக்கிறது. முழுப் பூமியையும் ஒரே விதியால் அளக்க வேண்டியிருந்தபோது அது சரியான முடிவுதான். ஆனால் அது விட்டுச்செல்லும் பட்டியலில் எச்சரிக்கைகள் மட்டுமே இருக்கின்றன. எச்சரிக்கை இல்லாத இரவு என்ன இரவு? வானம் தெளிவாக இருந்து, பார்த்து, மலை குளிர்ந்திருந்ததா? கொஞ்சம் சூடு இருந்தும் வரம்புக்குக் கீழே நின்றுவிட்டதா? மேகம் மூடியிருந்ததா? பாரன் தீவு பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டு பாகைதான் வடக்கே இருப்பதால், அன்று செயற்கைக்கோளின் பாதைகளுக்கு இடைப்பட்ட இடைவெளியில் விழுந்துவிட்டதா? இந்த நான்கும் வேறு வேறு செய்திகள். பட்டியலில் நான்கும் ஒரே வெறுமை. அந்தமான் கடலில் மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் மாதக்கணக்கில் நிற்கும். 4 மைக்ரான் கதிர் அடர்ந்த மேகத்தைத் துளைப்பதில்லை. அந்த மாதங்களில் மலை என்ன செய்தாலும் வரைபடத்தில் அடங்கியே தெரியும். பருவக்காற்றின் கோலத்தை மலையின் கோலமென்று வாசித்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. உலகின் எரிமலைப் பதிவேட்டைப் பராமரிக்கும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அறிக்கைகளில் பாரன் தீவின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் இத்தகைய வெப்ப எச்சரிக்கைகளையும், விமானங்களுக்காக ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து வெளியாகும் சாம்பல் அறிவிப்புகளையும் கொண்டே எழுதப்படுகிறது. ஒரு தீவின் வரலாறு அதன் தெளிந்த இரவுகளின் வரலாறாக மாறிக்கொண்டிருக்கிறது.

2017 ஜனவரி 23 அன்று கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிந்து சங்கல்ப் என்ற கப்பலில் அந்தத் தீவருகே கடலடி மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எரிமலையைப் பார்க்க வந்தவர்கள் அல்லர். திடீரென்று சாம்பல் எழுந்தது. கப்பலை ஒரு மைல் தள்ளி நிறுத்திப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சின்னச் சின்ன வெடிப்புகள். பகல் முழுக்கச் சாம்பல் மேகம் மட்டும். பொழுது சாய்ந்த பிறகுதான் செந்நிறக் குழம்பு ஊற்றெனப் பீறிட்டதும் சரிவில் வழிந்ததும் கண்ணுக்குத் தெரிந்தன. இந்த ஐந்து பத்து நிமிடங்களை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். டெராவும் அக்வாவும் சேர்ந்து ஒரு நாளில் அதிகம் போனால் நான்கு முறை அந்த இடத்தைக் கடக்கும். கடக்கும் அந்தக் கணம் வெடிப்பின் மேல் விழுமா, இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் விழுமா என்பது முழுக்கத் தற்செயல். நம்முடைய இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே இடத்தில் நின்று அரை மணிக்கு ஒருமுறை படமெடுக்கிறது. 4 மைக்ரானை ஒட்டிய அலைவரிசையும் அதில் உண்டு. ஆனால் அதன் படப்புள்ளி நான்கு கிலோமீட்டர். முன்னே சொன்ன பத்து மீட்டர்ச் சதுரம் மோடிஸின் படப்புள்ளியை இரட்டிப்பாக்கும் என்றால், இன்சாட்டின் படப்புள்ளியில் ஆறு சதவீதம் அளவுக்கே கூட்டும். கடல் வெப்பத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்திலும் மெல்லிய மேகத்திலும் அது கலந்துபோகும். அடிக்கடி பார்ப்பது மங்கலாகப் பார்க்கிறது. கூர்ந்து பார்ப்பது எப்போதாவதுதான் பார்க்கிறது.

கப்பல்களின் காலத்திலும் இதே பிரச்சினைதான். 1787-இல் அந்த வழியாகச் சென்ற கப்பல்கள் வெடிப்பைக் குறித்துவைத்தன. 1832 வரை விட்டுவிட்டு அப்படியான குறிப்புகள் வருகின்றன. பிறகு நீண்ட மௌனம். 19-ஆம் நூற்றாண்டில் தீவில் இறங்கியவர்கள் கரையோர வெந்நீர் ஊற்றில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் மாலெட், 1885-இல் வெளியான தன் நூலில் அதுவரையிலான குறிப்புகளையெல்லாம் திரட்டினார். கையால் தொட்டு அளந்த அந்த எண்களின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் அளந்தார் என்பது அவற்றோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆனால் அளக்க எவரும் வராத ஆண்டுகளே மிகுதி. அந்த மௌனத்தை எல்லோரும் மலையின் மௌனமாக எடுத்துக்கொண்டார்கள். உறங்கும் மலை என்றார்கள். 1991-இல் அது எழுந்தது. பின்பு 1994-இலும், 2004 டிசம்பர் பூகம்பத்துக்கு ஐந்து மாதம் கழித்து 2005 மே மாதத்திலும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அது உண்மையிலேயே அடங்கிக் கிடந்திருக்கலாம். யாரும் பார்க்காத ஏதோ ஒரு பருவமழைக்காலத்தில் இரண்டு வாரம் சீறிவிட்டு அடங்கியும் இருக்கலாம். கப்பல் போகாத கடலும் மேகம் மூடிய வானமும் ஏட்டில் ஒரே தடயத்தைத்தான் விடுகின்றன. அதாவது, எதையும் விடுவதில்லை.

இந்தக் கலக்கம் வெறும் ஏட்டுக் கலக்கமல்ல என்று எனக்கு உணர்த்தியது சிலி நாட்டின் லாஸ்கார். அட்டகாமா பாலைவனத்தின் ஓரம், ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேல் உயரம். மேகம் அபூர்வம். செயற்கைக்கோளுக்கு அதைவிட நல்ல மலை கிடைக்காது. 1980-களின் நடுவில் பீட்டர் ஃபிரான்சிஸ், டேவிட் ராத்தரி ஆகிய ஆய்வாளர்கள் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் அதன் வாய்க்குள் ஒரு சூட்டுப்புள்ளியைக் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய சிற்றலை அகச்சிவப்பு வரிசைகள் எரிமலைக்காக வைக்கப்பட்டவை அல்ல; பயிர்களின் ஈரத்தையும் பாறைகளின் கனிமத்தையும் பார்ப்பதற்கானவை. செயற்கைக்கோளால் எரிமலைச் சூட்டைத் தொடர்ந்து பார்க்க முடியும் என்ற நம்பிக்கை பெருமளவு அந்தப் படங்களிலிருந்து வளர்ந்தது. அதன் பின்பு வந்த ஆண்டுகளில் அங்கே தெரிந்ததுதான் யோசிக்கவைப்பது. 1993 ஏப்ரலில் லாஸ்கார் பெருவெடிப்பாக வெடித்தது. சாம்பல் தூண் இருபது கிலோமீட்டருக்கும் மேல் எழுந்து, அர்ஜென்டினா வரை சாம்பல் விழுந்தது. அதற்கு முந்தைய மாதங்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது வெப்பம் ஏறியிருக்கவில்லை, இறங்கியிருந்தது. விளக்கம் இப்படிப் போகிறது: வாயில் அமர்ந்திருக்கும் பாறைக் குவிமாடத்தின் விரிசல்கள் வழியே சூடான வாயு வெளியேறும்வரை விரிசல்கள் ஒளிரும், கருவி அதைக் காணும். வாயுவை இழந்த குவிமாடம் தன் பாரத்தாலேயே அமுங்கி இறங்கும்போது விரிசல்கள் மூடிக்கொள்கின்றன. வாயு வெளியேற வழியில்லை. மேற்பரப்பு குளிர்கிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த நாட்களில் வரைபடத்தைப் பார்க்கும் எவரும் மலை அடங்குகிறது என்றே சொல்லியிருப்பார்கள்.

லாஸ்காரில் படித்த பாடத்தைப் பாரன் தீவுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது என்பதும் எனக்குத் தெரிகிறது. லாஸ்காருடையது பிசுபிசுப்பான குழம்பு, அதனால்தான் அடைத்துக்கொள்கிறது; பாரன் தீவின் குழம்பு இளகலானது, திறந்த வாயிலிருந்து சின்னச் சின்னதாகத் துப்பும் குணமுடையது. அதில் வெப்பம் குறைந்தால் பெரும்பாலும் குழம்பு கீழே இறங்கிவிட்டது என்றே பொருள்படும். ஆக, ஒரு மலையில் ஆறுதலான இறங்குகோடு இன்னொரு மலையில் அபாயக்கோடு. எது எது என்று கோட்டைப் பார்த்து மட்டும் சொல்ல வழியில்லை. மலையின் பாறையை, வாயுவை, அது இதற்குமுன் நடந்துகொண்ட விதத்தை அறிந்தவர்கள் வேண்டும். வெப்பம் நன்றாகத் தெரிந்தும் பயனில்லாமல் போனதும் உண்டு. இந்தோனேசியாவின் அனாக் கிரகடாவ் 2018 ஜூனிலிருந்து சீறிக்கொண்டே இருந்தது, செயற்கைக்கோள்கள் அதன் வெப்பத்தைப் பல ஆண்டுகளில் காணாத அளவில் பதிவுசெய்தன. டிசம்பர் 22 இரவு அதன் தென்மேற்குப் பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. ஆழிப்பேரலையில் ஜாவா, சுமத்ரா கரைகளில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவு நடந்தபின் மலையின் புதிய வடிவத்தை மேகத்தின் ஊடாக முதலில் காட்டியது ரேடார் செயற்கைக்கோள். வெப்பக் கருவிகளுக்கு அந்த நாட்களின் மேகத்தைத் தாண்ட வழி இருக்கவில்லை. அங்கே வெப்பம் மலையின் சீற்றத்தைச் சொன்னது, மலையின் பக்கம் பலமிழப்பதைச் சொல்லவில்லை. வெப்பத்திடம் அதைக் கேட்கவும் கூடாது.

அதனால் நான் கேட்பது பெரிய அறிவியல் அல்ல. வெறுமையையும் எழுதிவையுங்கள் என்பதுதான். ‘பார்த்தோம், வானம் தெளிவு, சூடு இல்லை’ என்பது ஓர் அளவீடு. சூடு கண்ட இரவுக்கு இணையான மதிப்புள்ள அளவீடு. ‘மேகம்’ என்பது வேறு. ‘கோணம் சாய்ந்திருந்தது’ என்பது வேறு. மேகத்தைக் கண்டறியும் தகவல் மோடிஸ் படங்களிலேயே இருக்கிறது. அதைப் பாரன் தீவுக்கென்று ஒவ்வொரு இரவுக்கும் எடுத்து, எச்சரிக்கைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைப்பது முடியாத காரியமல்ல. ஆளில்லாத தீவுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். ஆளில்லாததால்தான். ஊர் இருக்கும் மலையில் செயற்கைக்கோள் தவறவிட்டதை யாரோ ஒரு மீனவரோ, ஆடு மேய்ப்பவரோ சொல்லிவிடுவார். இங்கே ஏட்டில் வராதது எங்கேயும் வராது.

இதைச் செய்ய அவகாசமும் குறைந்துவருகிறது. டெரா, அக்வா இரண்டிலும் பாதையைத் திருத்துவதற்கான எரிபொருள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கடக்கும் நேரம் பழைய நிலையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. 2000-லிருந்து தொடரும் வரிசை முடியப்போகிறது. அவற்றின் இடத்தில் ஏற்கெனவே வீர்ஸ் என்ற கருவி வந்துவிட்டது; 2011 முதல் சுவோமி என்பிபி என்ற செயற்கைக்கோளிலும், பின்னர் நோவா-20, நோவா-21 ஆகியவற்றிலும் ஓடுகிறது. அதன் கூர்மையான படப்புள்ளி 375 மீட்டர். பரப்பில் மோடிஸ் படப்புள்ளியின் ஏழில் ஒரு பங்கு. அதாவது மோடிஸ் காணாத சிறிய சூட்டையும் இது காணும். அதுவே ஒரு புதிய சிக்கல்: பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒட்டவைத்துப் படிக்கும் ஒருவர், மலை ஒன்றும் செய்யாமலேயே சூட்டு இரவுகள் திடீரென்று பெருகிவிட்டதாகக் காண்பார், பாரன் தீவு விழித்தெழுந்த ஆண்டு என்று அதைக் குறித்தும் வைப்பார். இரண்டு கருவிகளும் ஒரே இரவில் ஒரே மலையைப் பார்த்த பதிவுகள் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான தெளிந்த இரவுகளைப் பிரித்தெடுத்து, மோடிஸ் எதையும் காணாதபோது வீர்ஸ் என்ன கண்டது என்று இரவுக்கு இரவு ஒப்பிட வேண்டும். முதல் கருவியின் வெறுமைகளில் எத்தனை உண்மையான குளிர்ச்சி என்பது அப்போதுதான் தெரியவரும். 2000-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட, ஒப்பிட வீர்ஸ் இல்லாத அந்த ஆண்டுகளின் வெறுமையையும் ஓரளவாவது வாசிக்க முடியும்.